டால்பின் தெரிந்ததும் துடுப்பை நிறுத்துபவர்களுக்கு

கயாக் படகுகளில் குழுவாகக் கடலோரத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் புறப்படும் முன் என்னிடம் கேட்பதெல்லாம் அலையைப் பற்றித்தான். வழிகாட்டியாக நான் அஞ்சுவதோ, "அதோ டால்பின்!" என்று யாராவது கூவும் நொடியை. துடுப்புகள் நின்றுவிடும். சிலர் அந்தப் பக்கம் விரைவார்கள், சிலர் கேமராவைத் தேடுவார்கள். சேர்ந்தே வந்த படகுகள் சில நிமிடங்களில் சிதறிப்போகும்.

காற்றும் நீரோட்டமும் நமக்காக நிற்பதில்லை. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று பொல்லாதது. கரையருகே அது நீர்மேல் ஓடத் தூரம் போதாது. அதனால் அலை எழும்பாமல் கடல் அமைதியாகத் தெரியும். விலகிப் போகப் போக அலை பெருகும். திரும்பும்போது அதே காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும், அதுவும் களைத்த கைகளோடு. ஓதமும் இப்படித்தான். பெரும்பாலான கடற்கரைகளில் நீர் ஏறவோ வற்றவோ சுமார் 6 மணி நேரம் எடுக்கும். நடுவிலுள்ள 2 மணி நேரத்திலேயே ஏறத்தாழப் பாதி நீர் நகர்ந்துவிடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வேகம் இன்னும் கூடும். ஆகவே எங்கே, எப்போது நின்று பார்ப்பது என்பதை ஓத அட்டவணையை வைத்து முன்பே முடிவு செய்கிறேன்.

எஞ்சின் இல்லாத படகு விலங்குகளைத் தொந்தரவு செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். ஓசையின்றி நெருங்கும் படகைக் கடல்நாய்கள் கடைசி நேரத்தில்தான் கவனிக்கின்றன. கூட்டமே மிரண்டு நீரில் பாயும்போது குட்டிகள் மிதிபடலாம், தாயைப் பிரியலாம். மணலில் அடைகாக்கும் ஆலாப் பறவை பயந்து எழுந்தால், வெயிலில் முட்டைக்குள்ளேயே கரு இறந்துவிடக்கூடும். திமிங்கிலங்களுக்குப் பல நாடுகள் ஏறத்தாழ 100 மீட்டர் இடைவெளி விதித்துள்ளன. அத்தனை தொலைவில் இருந்தாலும், பாறையில் படுத்திருக்கும் கடல்நாய் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் பின்வாங்குங்கள். விலங்கைச் சுற்றி வளைக்காதீர்கள்; ஆழ்கடலுக்குப் போகும் வழி அதற்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

நின்று பார்க்கும் நேரத்தில் என் குழுவில் ஒருவருக்கு மட்டும் விலங்கைப் பார்க்க அனுமதி இல்லை. அவர் கரையையும் படகுகளையும் மட்டுமே கவனிப்பார்; இந்தப் பொறுப்பு முறைவைத்து மாறும். படமெடுக்க ஒரு பக்கம் சாய்பவர் எளிதில் கவிழ்ந்துவிடுவார். அதனால் விசிலும் ரேடியோவும் படகின் பெட்டிக்குள் இருக்கக் கூடாது, அணிந்திருக்கும் லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்க வேண்டும். காற்றில் வெற்றுப் படகு நீந்துபவரைவிட வேகமாக விலகிப்போகும்.