வாளியை உதைத்தவனும் மண்டையைப் போட்டவனும்: ‘கிக்’ என்ற சொல்லின் கதை

ஆங்கிலத்தில் ஒருவன் வாளியை உதைத்துவிட்டான் என்றால் செத்துப்போனான் என்று பொருள். ‘கிக் த பக்கெட்’ என்ற அந்தத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் நமக்குக் குளியலறைதான் நினைவுக்கு வரும், சாவு வராது. ‘கிக்’ என்ற ஒரே வினையை வைத்து ஆங்கிலப் பேச்சுவழக்கு இப்படிப் பல தொடர்களைக் கட்டியிருக்கிறது. சில தமிழுக்கு அப்படியே வருகின்றன. பல வருவதில்லை.

‘கிக்’ 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. முழங்கால் மடங்கிப் பின்னால் சாய்வதைக் குறிக்கும் ‘கிக்னா’ என்ற பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) சொல்லோடு அதை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அது காணப்படும் தொடக்க இடங்களுள் ஒன்று விக்லிஃப் பெயரால் வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்பு. அதில் ‘கிக்’ வரும் வசனம் தமிழ் விவிலியத்தில் “முள்ளில் உதைக்கிறது உனக்குக் கடினமாம்” என்று வருகிறது. இந்த முள் வேலிமுள் அல்ல, தார்க்குச்சியின் நுனியில் இருக்கும் கூர். குத்து வாங்கிய மாடு கோபத்தில் பின்னங்காலை வீசினால் இன்னும் ஆழமாகக் குத்துப்படும். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நாடகங்களிலேயே இந்தப் பழமொழி உண்டு. ஏரும் மாடும் தார்க்குச்சியும் நம்மிடமும் இருந்ததால், ‘உதை’ என்றே மொழிபெயர்த்தும் பொருள் கெடவில்லை. ‘ஏறிவந்த ஏணியை எட்டி உதைத்தான்’ என்பதும் இரண்டு மொழிகளுக்கும் பொது. ஏணி எல்லா ஊரிலும் ஏணிதானே!

வாளியின் கதை வேறு. 1785இல் ஃபிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைமொழி அகராதி இந்தத் தொடருக்கு ‘சாதல்’ என்று பொருள் தந்துவிட்டது. தூக்குப்போட்டுக்கொள்பவன் வாளிமேல் ஏறி நின்று அதை உதைத்துத் தள்ளுவான் என்பது பலரும் சொல்லும் விளக்கம். எனக்கு ஏற்புடையது மற்றொன்று. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி வழக்கில் ‘பக்கெட்’ என்றால் உத்தரக்கட்டை. வெட்டும் பன்றியைப் பின்னங்கால்களைக் கட்டி அதில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். உயிர் போகும் துடிப்பில் கால்கள் அந்தக் கட்டையை உதைக்கும். ஷேக்ஸ்பியரும் ‘பக்கெட்’டைத் தூக்கும் கட்டை என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். இது சரியென்றால் இந்தத் தொடரில் வாளியே இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்று எழுதுவது பெரும்பிழை என்பேன். நன்னூல் இவற்றை மங்கலம் என்ற தகுதி வழக்கில், அதாவது மங்கலமில்லாததை நல்ல சொல்லால் சொல்வதில், வைக்கும். செத்தாரைத் துஞ்சினார் என்பது உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. ‘குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்’ என்று மன்னனின் இறப்பை உறக்கமாக்கிய மொழி நம்முடையது. ஆனால் ‘கிக் த பக்கெட்’ மங்கலம் அல்ல, சாவை எட்டி நின்று அலட்சியமாகப் பேசும் கொச்சை. அதன் சரியான இணை ‘மண்டையைப் போட்டான்’. ‘வாயைப் பிளந்தான்’, ‘டிக்கெட் வாங்கிட்டான்’ என்பவையும் பொருந்தும். நாவலில் ஒரு ரவுடி இதைச் சொல்லும்போது “கிழவர் இயற்கை எய்தினார்” என்று பெயர்ப்பவர் அந்த ரவுடியையே தொலைத்துவிடுகிறார். தகுந்த தமிழ் என்பது எப்போதும் உயர்ந்த தமிழ் அல்ல. மூலம் தெருவில் நின்றால் தமிழும் தெருவில்தான் நிற்கவேண்டும்.

இந்த வாளியிலிருந்து பிறந்ததுதான் ‘பக்கெட் லிஸ்ட்’, சாவதற்குள் செய்துவிட நினைப்பவற்றின் பட்டியல். 2007இல் அதே பெயரில் வந்த அமெரிக்கத் திரைப்படம் அதை உலகெங்கும் பரப்பியது. ‘வாளிப் பட்டியல்’ என்றால் பிளாஸ்டிக் கடை விலைப்பட்டியல் போலிருக்கிறது. “கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை காசிக்குப் போயிடணும்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் அந்தப் பொருள் முழுதும் இருக்கிறதே. ‘கண்மூடுமுன் ஆசைகள்’ என்று எழுதலாம்.

ஒரு பழக்கத்தை ‘கிக்’ செய்வது அதை அறவே விடுவது. இதற்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: தலைமுழுகு. சாவு வீட்டுக்குப் போய்வந்து தலைமுழுகுவதுபோல, “குடியைத் தலைமுழுகிட்டான்” என்றால் அந்த உறவு செத்தது, இனி ஒட்டாது. ஆங்கிலத்தைவிட இதில் அழுத்தம் கூடுதல் என்றே நினைக்கிறேன். ‘கிக் ஆஃப்’ கால்பந்தின் தொடக்க உதை. விழாவுக்கோ வேலைக்கோ சொல்லும்போது ‘பிள்ளையார் சுழி போட்டாச்சு’. உயிரோடு நன்றாகவே இருப்பதைச் சொல்லும் ‘அலைவ் அண்ட் கிக்கிங்’ என்பதை “நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன்” என்று சொல்லிப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். தன்னையே உதைத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலேயர் நொந்துகொள்ளும் இடத்தில் நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

‘கிக்பேக்’ சற்றுச் சிக்கலானது. கையூட்டு என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் இது ஒப்பந்தம் வாங்கிக்கொடுத்தவருக்கு அந்த ஒப்பந்தப் பணத்திலிருந்தே கமுக்கமாகத் திரும்பிவரும் பங்கு. 1987இல் போஃபர்ஸ் பீரங்கி விவகாரம் வெடித்தபோது இந்தியச் செய்தித்தாள்களில் நாள்தோறும் அடிபட்ட சொல். ‘கமிஷன்’ என்ற புழக்கச் சொல் பரவாயில்லை, என்றாலும் சட்டப்படியான தரகுக்கும் அதுவே பெயர். ‘மறைபங்கு’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்பது என் பரிந்துரை.

மது தரும் ‘கிக்’கோ ஏற்கெனவே தமிழாகிவிட்டது. ‘கிக்கு ஏறுது’ என்று உகரம் சேர்த்து, ‘ஏறு’ என்ற நம் வினையோடு கட்டி ஆளும் சொல்லை அயல் என்று விரட்ட மனம் வரவில்லை. போதை, மப்பு இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. இஞ்சிச் சாற்றின் ‘கிக்’குக்கு மட்டும் இது ஆகாது, அது ‘சுள்’ளென்று இறங்குவது.

நம் ‘உதை’யும் சளைத்ததல்ல. வரவு செலவு ஒத்துவராதபோது “கணக்கு உதைக்குது” என்கிறோம். ஒருவர் சொல்வதில் ஏதோ பொருந்தாதபோது “எங்கேயோ உதைக்குதே” என்கிறோம். யாரும் காலைத் தூக்கவில்லை, கணக்கே உதைக்கிறது. இதை ஆங்கிலமாக்குபவர் ‘கிக்’கைத் தொடவே முடியாது. கூட்டினால் சரிவரவில்லை என்னும் பொருளில் ‘டஸின்ட் ஆட் அப்’ என்றுதான் எழுதவேண்டும்.