புயலுக்கு முந்தைய நாள் கரண்ட்

சென்னைக்குக் குளிர்காலம் என்றால் கார்த்திகை மாதத்துப் புயல்தான். 2015 டிசம்பர் 1 பெருமழை, 2016 டிசம்பர் 12 வர்தா, 2020 நவம்பர் நிவர், 2022 டிசம்பர் மாண்டஸ், 2023 டிசம்பர் மிக்ஜாம். தமிழ் நாட்காட்டியில் பார்த்தால் அத்தனையும் கார்த்திகையில் விழும். வர்தா கரையைக் கடந்த அன்று திருக்கார்த்திகை வேறு. அகல் ஏற்ற வேண்டிய மாலையில் நகரத்தின் பெரும்பகுதியில் அகலைத் தவிர வேறு வெளிச்சமே இல்லை.

எல்லாப் புயலிலும் கரண்ட் ஒரே காரணத்தால் போவதில்லை. வர்தா காற்றுப் புயல். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன, கூடவே மின்கம்பங்களும் கம்பிகளும். கம்பத்தை நட்டு, கம்பி இழுத்து, டிரான்ஸ்பார்மரைச் சரிபார்த்த பிறகுதான் கரண்ட் வரும். கம்பி தலைக்கு மேலே போகும் புறநகர்ப் பகுதிகளில் இதற்கு நாள் கணக்கில் ஆகும். மிக்ஜாம் தண்ணீர்ப் புயல். சென்னைக்கு அருகே கடலில் மெல்ல ஊர்ந்தபடியே கொட்டித் தீர்த்துவிட்டு, ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கரை ஏறியது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் தண்ணீர் வடியும்வரை கரண்ட் கொடுக்க முடியவில்லை. நகருக்குள் பல இடங்களில் மின்சாரம் தரைக்கடிக் கேபிளில் வந்து, தெருவோரத்துப் பில்லர் பாக்ஸிலிருந்து வீடுகளுக்குப் பிரிகிறது. அந்தப் பெட்டியைத் தண்ணீர் தொட்டுவிட்டால் இ.பி.காரர்களே லைனை நிறுத்திவிடுவார்கள். நாம் திட்டுவோம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

தூய தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தெருவில் நிற்பதோ உப்பும் சாக்கடையும் கலந்தது, அது நன்றாகவே கடத்தும். நனைந்த உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். 230 வோல்ட்டை 1000 ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க இது தாராளம். வீட்டு மெயின் பெட்டியில் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி.யில் 16 என்று எழுதியிருக்கும். 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழும், 0.23 அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எம்.சி.பி. இருப்பது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பாற்ற. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது சதா ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தால் போதும், எங்கோ யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அமுக்கினால் விழ வேண்டும். விழவில்லையென்றால் மழைக்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். புயலுக்குத் தயாராவதில் இதைவிட மலிவான வேலை இல்லை.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தால், கால் நனைவதற்கு முன்பே மெயினை இறக்க வேண்டும். அதோடு இன்வெர்ட்டரையும் நிறுத்த வேண்டும். தெருவில் கரண்ட் இல்லாததால் வீட்டிலும் இல்லை என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் இன்வெர்ட்டர் அதே 230 வோல்ட்டை அதே பிளக் பாயின்டுகளுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கும்.

சரி, கரண்ட் போகப்போகிறது. அது இருக்கும்போதே வேறு ஏதாவதாக மாற்றி வைத்துக்கொள்ள நம் வீடுகளில் மூன்று இடங்கள் உண்டு: மொட்டைமாடி டேங்க், ஃப்ரீசர், பேட்டரி. மெழுகுவர்த்தி, ரொட்டி, பால் பாக்கெட், கையில் கொஞ்சம் ரொக்கம் எல்லாம் யாரும் சொல்லாமலே வாங்கிவிடுவோம். இந்த மூன்றையும்தான் கடைசி நேரத்துக்குத் தள்ளுகிறோம்.

டேங்க் சுலபமானது. 1000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, இயற்பியல் கணக்குப்படி வெறும் 27 வாட்-மணி ஆற்றல் போதும். 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று மணி நேரம் எரிய ஆகும் செலவு. மோட்டாரிலும் குழாயிலும் வீணாவதைச் சேர்த்து மூன்று மடங்கு என்றாலும் அற்பம்தான். அப்படியென்றால் கரண்ட் போன பிறகு இன்வெர்ட்டரிலேயே மோட்டாரைப் போடலாமே? முடியாது. தூண்டல் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை ஓரிரு நொடிகளுக்கு இழுக்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அந்த இழுப்பிலேயே நின்றுவிடும். ஆற்றல் இருக்கிறது, அதை அவ்வளவு வேகமாகக் கொடுக்கும் திராணி இல்லை. ஆகவே கரண்ட் இருக்கும்போதே டேங்கை விளிம்புவரை நிரப்பிவிட வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: காலி பிளாஸ்டிக் டேங்கைப் புயல்காற்று தூக்கிக்கொண்டு போகும், நிரம்பிய 1000 லிட்டர் டேங்க் ஒரு டன் கனம். சம்ப் மூடியையும் இறுக்கிவிடுங்கள். தெருத் தண்ணீர் ஒருமுறை சம்ப்புக்குள் இறங்கிவிட்டால், கரண்ட் வந்ததும் அந்தச் சாக்கடையைத்தான் மோட்டார் மேலே ஏற்றும்.

அடுத்தது ஃப்ரீசர். ஒரு கிலோ ஐஸ் 0 டிகிரியிலேயே உருகித் தண்ணீராவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். அதே ஒரு கிலோ தண்ணீர் 0 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குச் சூடாக 42 கிலோஜூல்தான் எடுக்கும். எட்டு மடங்கு வித்தியாசம். உருகி முடியும்வரை ஐஸின் வெப்பநிலையும் ஏறாது. அதனால் ஃப்ரீசரில் காலி இடத்தை எல்லாம் தண்ணீர் பாட்டில்களால் நிரப்புங்கள். ஐஸ் ஆகும்போது தண்ணீர் 9 சதவீதம் பெருக்கும், கழுத்துவரை ஊற்றினால் பாட்டில் வெடிக்கும். மூடிய நடுத்தர ஃப்ரிட்ஜுக்குள் வெளி வெப்பம் 45 வாட் வீதம் கசிகிறது என்று வைத்துக்கொண்டால், நான்கு கிலோ ஐஸ் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஒரு ராத்திரி கழிந்தது. ஆனால் நான்கு பாட்டில் முழுசாக உறைய ஒரு நாள்கூட ஆகலாம். வானிலை மையம் தாழ்வு மண்டலம் என்று சொன்ன அன்றே உள்ளே வைத்துவிடுவது நல்லது, புயல் என்று பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கரண்ட் போனதும் இரண்டு பாட்டிலை ஃப்ரிட்ஜின் மேல் தட்டுக்கு மாற்றுங்கள், குளிர்ந்த காற்று கனமானது, தானாகக் கீழே இறங்கும். அதே காரணத்தால்தான் கதவைத் திறந்ததும் குளிர் மொத்தமும் காலடியில் கொட்டிவிடுகிறது. திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. இது பெரிய ஃப்ரீசர்களை வைத்துச் சொன்னது. நம் ஊர் ஃப்ரிட்ஜ்களின் மேல்மாடத்துக் குட்டி ஃப்ரீசருக்கு நான் அதில் பாதியைத்தான் நம்புவேன்.

ஊருக்குப் போயிருக்கும்போது புயல் அடித்தால்? கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது எல்லாம் மறுபடி உறைந்துதான் இருக்கும். ஆனால் நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் எல்லாம் உருகிவிட்டிருக்கிறது. அந்த மீனையும் கோழியையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். 5 டிகிரிக்கு மேல் பாக்டீரியா வேகமாகப் பெருக ஆரம்பிக்கும், மறுபடி உறைய வைத்தாலும் அது சாகாது. வீட்டில் இருப்பவர்களுக்கு நாணயமெல்லாம் தேவையில்லை, இட்லி மாவே சொல்லிவிடும். பாத்திரத்தில் மாவு பொங்கி மூடியைத் தூக்குகிறது என்றால் உள்ளே குளிர் போய்விட்டது.

மூன்றாவது பேட்டரி. பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஈய-அமில பேட்டரி, மேலே 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) என்று போட்டிருக்கும். 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட்-மணி. இது 20 மணி நேரம் எடுத்து நிதானமாகக் காலி செய்தால் கிடைக்கும் அளவு. இன்வெர்ட்டரில் வீணாவதையும் பேட்டரியின் வயதையும் கழித்தால், கையில் நிற்பது 1100 என்று வைத்துக்கொள்வோம். மூன்று பழைய ஃபேன் 225 வாட், நான்கு பல்பு 36, வைஃபை 10. மொத்தம் 271 வாட், நான்கு மணி நேரத்தில் முடிந்தது கதை. கரண்டைக் குறைவாக எடுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்றே ஒன்று 30 வாட், ஒரு பல்பு 9, இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வது ஒரு 15 என்றால் 20 மணி நேரம் வரும்.

நிஜத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. பேட்டரி கரண்ட் தரும்போது அதன் தகடுகள் ஈய சல்பேட்டாக மாறும், அமிலம் நீர்த்துப்போகும். வேகமாக இழுத்தால் தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் சட்டென்று தீர்ந்துவிடும். வெளியே இருக்கும் அமிலம் உள்ளே ஊறி வருவதற்குள் வோல்டேஜ் இறங்கி, இன்வெர்ட்டர் கூக்குரல் போட ஆரம்பித்துவிடும். அதனால்தான் காலியான பேட்டரி ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கொஞ்ச நேரம் ஓடுகிறது.

புயல் அடிக்கும்போது ஃபேனுக்கு அவ்வளவு வேலை இருக்காது, குளிர்ந்துதான் கிடக்கும். புயல் போன மறுநாள்தான் வெயில் அடித்துப் புழுங்கும், கொசுவும் வரும். பேட்டரியை அந்த ராத்திரிக்கு மிச்சம் பிடிப்பவர்கள் புத்திசாலிகள்.

சார்ஜ் ஏறுவதும் அவசரத்துக்கு நடக்காது. முக்கால்வாசி வேகமாக ஏறும், அப்புறம் குடம் நிறையப்போகும்போது குழாயைச் சின்னதாக்குவதுபோல சார்ஜர் கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். முழுசாக ஏறப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போய்விடும், அதை ஈடுகட்டத்தான் டிஸ்டில்ட் வாட்டர். ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், அது ஆகாது. பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும். தரைத்தள வீடென்றால் கரண்ட் இருக்கும்போதே ஆளைக் கூப்பிட்டு பேட்டரியை மேடைக்கு ஏற்றிவிடுங்கள்.

பவர் பேங்க் பற்றி ஒரு வரி: 20,000 எம்.ஏ.எச். என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. வோல்டேஜை ஏற்றி இறக்கும் நஷ்டம் போக, 5000 எம்.ஏ.எச். போனை நான்கு முறை ஏற்றாது, இரண்டரை அல்லது மூன்று முறைதான். டவர்கள் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாக விழும்போது, போன் தூரத்து டவரை எட்ட முழு பலத்தோடு அலைவீசும், சார்ஜ் கரைந்துவிடும். பேசாத நேரத்தில் ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஜெனரேட்டரையோ கரி அடுப்பையோ மூடிய அறைக்குள், கார் நிறுத்தும் பேஸ்மென்டில் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

கரண்ட் திரும்பும் நேரம்தான் சாமான்களுக்கு ஆபத்தான நேரம். தெருவே கூச்சல் போடும், இரண்டு நிமிஷத்தில் மறுபடி போய்விடும். அது யாருடைய தவறும் இல்லை. சாதாரண நாளில் ஒரு தெருவின் ஃப்ரிட்ஜ்கள் முன்பின்னாக ஓடி ஓய்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் அணைந்து கிடந்த பிறகு எல்லாமே சூடாகி, எல்லா கம்ப்ரசரும் எல்லா மோட்டாரும் எல்லா இன்வெர்ட்டர் சார்ஜரும் ஒரே நொடியில் கிளம்பும். லைன் தாங்காமல் ட்ரிப் ஆகிவிடும். இதைவிட மோசமானது அறுந்த நியூட்ரல். மும்முனை இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால், 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரைகூட வரலாம், டி.வி.யும் ஃப்ரிட்ஜும் அன்றோடு சரி. ஆகவே கரண்ட் போனதும் பெரிய சாமான்களின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு பழைய குண்டு பல்பை மட்டும் இ.பி. லைனில் விட்டு வையுங்கள். அது பழைய வெளிச்சத்தில் பத்து நிமிஷம் எரிந்த பிறகு ஃப்ரிட்ஜ், அப்புறம் மோட்டார். பல்பு கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிந்தாலோ மங்கினாலோ மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் பண்ணுங்கள்.

இன்வெர்ட்டரை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். காலியான பேட்டரியை அப்படியே விட்டால் தகட்டில் படிந்த சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது. லைன் நிதானமானதும் அன்றைக்கே போட்டு முழுசாக ஏற்றுங்கள்; ஏறி முடிந்ததும் பேட்டரியின் நீர்மட்டம் காட்டும் மிதவைகளைப் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள்.