வெளிநாட்டில் கார் பார்ட்ஸ் வாங்குகிறவர்களுக்கு: சுங்க ரசீது ரோட்டில் செல்லாது

நெல்லிக்குப்பத்தில் இருக்கிற என் அக்கா மகன் 2024ல் ஐந்து நாள் பாங்காக் போய்விட்டு வந்தான். புத்தர் கோயிலையும் பார்க்கவில்லை, கடற்கரைக்கும் போகவில்லை, தன் காருக்கு ஒரு ஜோடி ஹெட்லைட்டும் ஒரு சைலன்சரும் வாங்கிக்கொண்டு திரும்பினான். நம்மூர்க் கணக்கில் 82,000 ரூபாய். அது அவன் கைக்கு வந்து சேர மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அதற்குள் நாலு தடவை லீவு போட்டுவிட்டு விமான நிலையத்துக்கு பஸ் ஏறினான். எல்லாம் முடிந்து, மாட்டிக்கொண்டு பாண்டிச்சேரி பக்கம் போன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே சைலன்சருக்காக வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். "வரி கட்டின ரசீது இருக்கு சார்" என்று நீட்டியிருக்கிறான். போலீஸ்காரர் அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

அவர் வாங்காததில் தப்பு இல்லை. சுங்கத்தில் கட்டுகிற வரி, சாமான் நாட்டுக்குள் வருவதற்கு. அதை வண்டியில் மாட்டி ரோட்டில் ஓட்டலாமா என்பது மோட்டார் வாகனச் சட்டம், வேறு துறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சுவார்த்தையும் கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கடைக்காரன் ஏன் சொல்லப்போகிறான்?

முதலில் சுங்கம். விதி சுருக்கமானதுதான். வெளிநாடு போய்த் திரும்புகிற இந்தியர் உடன் கொண்டுவரும் சாமானில் குறிப்பிட்ட மதிப்பு வரை வரி இல்லை. 2016 விதிப்படி அது 50,000 ரூபாய், 2026 பிப்ரவரியில் 75,000 ஆக்கினார்கள். அதற்கு மேல் போகிற தொகைக்குத்தான் வரி. என் அக்கா மகன் வந்தபோது கூடுதல் வரியெல்லாம் சேர்த்து 38.5 சதவீதம். அவன் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் 82,000த்தில் 50,000 போக மீதி 32,000க்கு 12,320 ரூபாய் கட்டிவிட்டு அரைமணி நேரத்தில் வெளியே வந்திருப்பான். இன்றைய வரம்பு என்றால் வெறும் 7,000 ரூபாய்க்குத்தான் வரியே வரும்.

அவன் ஒழுங்காகச் சொல்லவில்லை. "அட்டைப்பெட்டியைப் பிச்சிப் போட்டுடு, பில்லைக் கிழிச்சிடு, பழைய சாமான்னு சொல்லிடு, பச்சை வழியிலேயே நடந்து வந்துடு" என்று கூட வந்த ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். இந்த யோசனையைச் சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருக்கிறார், அவர் ஒருமுறை மாட்டாமல் தப்பித்தவராக இருப்பார். பச்சை வழியில் நடப்பது என்றாலே "என்னிடம் வரி கட்ட வேண்டிய எதுவும் இல்லை" என்று நீங்கள் அறிவித்ததாகத்தான் அர்த்தம். எக்ஸ்ரேயில் ஒரு சைலன்சர் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள், அதைச் சட்டை என்றா நினைப்பார்கள்? பச்சை வழியில் பிடிபட்டால் வரியோடு முடியாது. பறிமுதல், அதை மீட்க ஒரு அபராதம், தனியாக உங்கள் மேல் இன்னொரு அபராதம். சிவப்பு வழியில் போய் நீங்களே சொன்னால் வரி மட்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது மூன்று மாதத்து வித்தியாசம். "அதிதி" என்ற சுங்கத்துறையின் செயலியில் முன்கூட்டியே பதிந்துவிட்டும் வரலாம்.

பில்லைக் கிழித்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். பில் இல்லையென்றால் அதிகாரி போனை எடுத்து இணையத்தில் விலை தேடுவார், அங்கே வருவது பெரும்பாலும் அந்தச் சாமானின் அதிகபட்ச விலை. 82,000 ரூபாய் சாமானை 1,40,000 என்று எழுதினார்கள், மறுத்துப் பேச இவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த பில் வாங்குங்கள், கையால் எழுதிய தாய்லாந்து மொழிச் சீட்டு இங்கே உதவாது. கார்டில் பணம் கட்டுங்கள், அப்போதுதான் வங்கிக் கணக்கில் தொகை நிற்கும். கூடவே உங்கள் ஆர்.சி. புத்தகத்தின் நகல் ஒன்றை எடுத்துப் போங்கள். "இது விற்பனைக்கா, சொந்தத்துக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த மாடல் கார் உங்கள் பெயரில் இருக்கிறது என்று காட்டினால் பாதிப் பேச்சு அங்கேயே முடியும்.

அதனால்தான் நண்பர்களுக்காகச் சாமான் சுமந்து வராதீர்கள் என்கிறேன். ஒரே மாதிரி நாலு ஜோடி விளக்கு பெட்டியில் இருந்தால் அது வியாபாரச் சரக்கு, பயணியின் சலுகை அதற்குப் பொருந்தாது. "எல்லாம் நம்ம பசங்களுக்கு சார்" என்று உண்மையைச் சொன்னால் இன்னும் மோசம், அடுத்தவர் சாமான் உங்கள் பேக்கேஜே இல்லை. அதேபோல, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று கூட்டி, 1,20,000க்கு ஒரு செட் அலாய் வீல் வாங்கிவராதீர்கள். ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்க்க முடியாது. வளைகுடாவிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்புகிறவர்களுக்கு ஐந்து லட்சம் வரை விலக்கு என்று 2016 விதியில் இருந்ததை யாராவது மேற்கோள் காட்டுவார்கள். அது வருடக்கணக்கில் அங்கே வேலை பார்த்துவிட்டுக் குடித்தனத்தோடு வருகிறவர்களின் வீட்டுச் சாமானுக்கு. ஒரு வாரம் சுற்றுலா போனவருக்கு இல்லை.

"நாங்களே கூரியரில் அனுப்புகிறோம்" என்று கடையில் சொன்னால் உடனே சரி என்று தலையாட்டாதீர்கள். உங்களோடு வராத சாமானுக்கு அந்த 75,000 சலுகையே கிடையாது, சுங்க வரியோடு ஜி.எஸ்.டி.யும் விழும். "கிஃப்ட்" என்று எழுதி அனுப்பினால் ஐந்தாயிரம் வரை வரி இல்லை என்ற கதை 2019 டிசம்பரோடு முடிந்துவிட்டது.

ஷார்ஜாவில் பழைய உதிரி பாகச் சந்தை இருக்கிறது, ஜப்பானில் பழைய பார்ட்ஸ் விற்கிற பெரிய சங்கிலிக் கடைகளே இருக்கின்றன, விலையைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்வதற்கு நம் நாட்டில் கட்டுப்பாடு இருக்கிறது, அதிகாரி அதைப் பிடித்துக்கொண்டால் உங்களிடம் பதில் இருக்காது. இன்னொன்று, பெட்ரோல் வாசனை அடிக்கிற எஞ்சின் பாகத்தை விமானக் கம்பெனியே ஏற்றாது. ஏர்பேக்கும் கேஸ் ஷாக் அப்சார்பரும் அபாயச் சரக்கு வகையில் வருகின்றன, செக்-இன் கவுன்ட்டரிலேயே கழற்றி வைத்துவிட்டு வர நேரும்.

பிடித்து வைத்தால் என்ன செய்வது? இதுதான் அவன் பட்ட இடம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாமானை எடுத்துக்கொண்டால் டி.ஆர். என்கிற தடுப்பு ரசீதை வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அதில் என்ன பொருள், எத்தனை, என்ன மதிப்பு என்று சரியாக எழுதியிருக்கிறதா என்று நின்று படியுங்கள். "கார் பார்ட்ஸ் - 1 பெட்டி" என்று எழுதியிருந்தால் பின்னால் பெட்டிக்குள் எது குறைந்தாலும் நீங்கள் கேட்க முடியாது. நள்ளிரவு விமானத்தில் வந்து இறங்கி, வெளியே வேன்காரர் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு அச்சடித்த தாளை நீட்டுவார்கள். "எனக்கு எழுத்துபூர்வ நோட்டீஸ் வேண்டாம், நேரில் விசாரணையும் வேண்டாம்" என்று நீங்களே கேட்டுக்கொள்வதாக அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று அவனிடமும் சொன்னார்கள், போட்டான், முடியவில்லை. நோட்டீஸ் இல்லாததால் எதற்குப் பதில் சொல்வது என்றும் தெரியாமல் போனது. இப்படி அச்சிட்ட தாளில் வாங்கிய கையெழுத்தை நோட்டீஸைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2025ல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போவதைவிடப் போடாமல் இருப்பது மலிவு.

கைப்பற்றிய ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும், காரணம் எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டலாம். அதுவரை நடப்பதெல்லாம் "போய்விட்டு அடுத்த வாரம் வாங்க" தான். முதல் தடவை போனபோது சம்பந்தப்பட்ட அதிகாரி லீவு. இரண்டாவது தடவை ஃபைல் வேறு பிரிவுக்குப் போயிருந்தது. மூன்றாவது தடவை பாஸ்போர்ட் நகலில் வந்திறங்கிய முத்திரை விழுந்த பக்கம் இல்லை என்று அனுப்பினார்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? ஒவ்வொரு முறையும் நெல்லிக்குப்பத்திலிருந்து விடிகாலை கிளம்பி ராத்திரி திரும்புகிறவனுக்கு அந்த ஒரு பக்கம் ஒரு நாள் கூலி. அதனால் முதல் தடவையே பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும், போர்டிங் பாஸ், டி.ஆர்., பில், கார்டு ஸ்டேட்மென்ட், ஆர்.சி. நகல் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துப் போங்கள். ஒரு மனு எழுதிக் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாயால் கேட்டதற்கு எந்த ஆபீஸிலும் சாட்சி இல்லை.

மீட்பு அபராதத்துக்கும் ஒரு உச்சம் உண்டு, சந்தை விலையிலிருந்து வரியைக் கழித்தால் வருகிற தொகையைத் தாண்டக் கூடாது. உத்தரவு கையில் கிடைத்து 60 நாளுக்குள் மேல்முறையீட்டு ஆணையரிடம் போகலாம். கிடைத்த தேதியை உறையோடு பத்திரமாக வையுங்கள்.

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் வருகிற உறவினர் மூலம் சாமான் வரவழைக்கிறவர்கள் இங்கே நிறைய. இந்திய வம்சாவளி என்றால் நமக்குள்ள அதே வரம்புதான், ஆனால் அதைக் காட்ட ஓ.சி.ஐ. என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டை கையில் இருக்க வேண்டும். வெறும் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி என்று எடுத்துக்கொண்டால் வரம்பு 25,000 தான்.

சரி, சாமான் வீட்டுக்கு வந்துவிட்டது. இனி ரோடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி எதையும் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதையே அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொன்றுக்கும் என்பதைக் கவனியுங்கள். சத்தம் போடுகிற சைலன்சருக்குத் தனிப் பிரிவு, அதில் 10,000 வரை போகும், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். பல குரல் ஹாரன் அறவே கூடாது. சீட் கவர், கால் மிதி, கியர் குமிழ், பாட்டுப் பெட்டி இவற்றையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாடு போனால் இவற்றை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் அதற்கு யார் பாங்காக் போகிறார்கள்.

ஹெட்லைட்டில் இன்னொரு வம்பு. துபாய், ஷார்ஜாவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அங்கே விற்கிற விளக்கின் ஒளி வலப்பக்கம் உயர்ந்து விழும்படி செய்யப்பட்டது. அதை இங்கே மாட்டினால் எதிரில் வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும், திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யவும் முடியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி எதிரே வந்து கண்ணைக் குருடாக்குகிற வண்டிகளில் சிலவற்றின் ரகசியம் இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிற நாடுகள்.

"ஆர்.சி.யில் ஏத்திடலாம்" என்று சொல்கிற புரோக்கரை நம்பிப் பணம் கொடுத்தவர்களை எனக்கு நேரிலேயே தெரியும். லாஸ்பேட்டையில் ஒரு நண்பர் முறையாகவே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய்க் கேட்டார். கம்பெனியிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னது ஜன்னல். ஷோரூமில் வெளிநாட்டுச் சாமானுக்குக் கடிதம் தர மாட்டோம் என்றார்கள். திரும்பவும் ஜன்னல், அங்கிருந்து ஆய்வாளர், ஆய்வாளர் மறுபடி கம்பெனிக் கடிதம். ஆறு வாரம் சுற்றியபின் வாசலில் இருந்த புரோக்கர் 8,000 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு சீட்டும் கொடுத்தார். அந்தச் சீட்டில் முத்திரை இருந்தது, பரிவாகன் என்கிற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே ஏறியிருக்கவில்லை. அங்கே தெரியாத எந்த மாற்றமும் ஆர்.சி.யில் இல்லை என்றுதான் கணக்கு. முள்ளோடை தாண்டிக் கடலூர் பக்கம் போனாலும் போலீஸ்காரர் பார்ப்பது அதே திரையைத்தான்.

இன்ஷூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மின்சாதனம் என்றால் அதன் மதிப்பில் நாலு சதவீதம் போலக் கூடுதல் பிரீமியம் கேட்பார்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்று சர்வேயர் வந்து முதலில் படம் எடுப்பது அந்த விளக்கைத்தான்.

அக்கா மகன் இப்போது பழையபடி கம்பெனி சைலன்சரையே மாட்டிக்கொண்டு ஓட்டுகிறான். அதுவும் இரண்டாவது செலவு, கழற்றின மெக்கானிக் பழையதை அன்றைக்கே இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டிருந்தார், அதனால் புதிதாக வாங்கினான். வண்டியிலிருந்து கழற்றுகிற எதையும் ஷெட்டில் விட்டுவிட்டு வராதீர்கள், சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வையுங்கள்.