வேட்கை: ‘கிரேவிங்’குக்கு ஆசை என்ற சொல் போதாது

போதைப் பழக்கம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில், போதைப்பொருள் வேண்டும் என்று உள்ளிருந்து எழும் உந்துதலைக் குறிக்கும் ‘கிரேவிங்’ என்ற ஆங்கிலச் சொல் வர வேண்டிய இடத்தில் ‘ஆசை’ என்று எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் அழுத்த வேண்டுமென்றால் ‘தீவிர ஆசை’. படிக்கிறவர் மனத்தில் உடனே ஒரு கேள்வி எழும்: ஆசைதானே, அடக்கிக்கொண்டால் என்ன? ஹெரோயினில் சிக்கிய பிள்ளையைப் பார்த்து வீட்டார் அழுதுகொண்டே கேட்பதும் இதைத்தான். சொல் சரியாக இருந்தால் அந்தக் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் ‘கிராஃபியன்’ என்ற பழைய ஆங்கில வினை. விரும்புவது அதன் முதல் பொருள் அல்ல. ‘எனக்குச் சேர வேண்டியது, கொடு’ என்று உரிமையோடு கேட்பது. ஏங்குதல் என்ற பொருள் பிற்பாடு வந்து சேர்ந்தது. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெரோயின் பழகிய உடம்பு கேட்பதும் அப்படித்தான்.

ஹெரோயினின் கதை சுருக்கமானது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபின். அதிலிருந்து எடுப்பது மார்ஃபின் என்ற வலி மருந்து. 1874இல் லண்டனில் ஆல்டர் ரைட் என்ற வேதியியலாளர் மார்ஃபினை மாற்றி ஹெரோயினைத் தயாரித்தார். 1898இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீரத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லை ஒட்டி வைத்த பெயர் அது. நம் தெருக்களில் கிடைக்கும் கலப்பட வடிவத்துக்கு பிரவுன் சுகர் என்று பெயர்; இலங்கையில் தூள் என்பார்கள்.

உள்ளே போனதும் அது மூளையில் மார்ஃபினாக மாறி, வலியைத் தணிக்க உடம்பே சுரக்கும் பொருள்களுக்கென்று இருக்கும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘இது வேண்டும்’ என்று தூண்டும் மூளை வேதிப்பொருளான டோபமைன் பெருகுகிறது. மூளை அதற்குப் பழகிப்போக, அளவு கூடிக்கொண்டே போகும். நிறுத்தினால் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், எலும்புக் குடைச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் பெரும்பாலும் தணியும். சரி, உடம்பு தேறிவிட்டது, இனிப் பயமில்லை என்று வீட்டார் நினைப்பது அப்போதுதான். வேட்கையோ மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பதினோரு மாதம் தொடாமல் இருந்தார். ஒரு நாள் குழந்தை சாக்லேட் பிரித்தது. உள்ளே இருந்த வெள்ளித் தாளைப் பார்த்ததும் அவருக்கு உள்ளங்கை வியர்த்து, வயிறு புரட்டியது. தூளை அப்படி ஒரு தாளில் வைத்துத்தான் அவர் புகைத்திருந்தார். “பிடிக்கவே இல்லைங்க, ஆனா வேணும்னு இருக்கு” என்றார். ராபின்சன், பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் முன்வைத்த கருத்தும் இதுதான்: பிடித்திருப்பது வேறு, வேண்டியிருப்பது வேறு, போதை முற்ற முற்ற முதலாவது குறையலாம், இரண்டாவது வளரும். அதே சமயம், பொறு, நாளைக்கு என்ன ஆகும் பார் என்று தடுக்கும் முன்மூளையின் பிடியும் தளர்கிறது. நாளைய பெரிய நன்மை கண்ணில் சிறுத்து, இந்த நிமிடத்துத் தேவை மலையாக நிற்கும்.

இதற்குத் தமிழில் சொல் தேட வேண்டியதில்லை. வேள் என்ற வேரில் பிறந்தது வேட்கை. (தேர்தலில் நிற்கும் வேட்பாளரும் அந்த வேரில் வந்தவர்தான்.) தாகத்தை நீர்வேட்கை என்றார்கள், உடம்பின் கேட்பு அதில் இருக்கிறது. ‘வயாஎன் கிளவி வேட்கைப் பெருக்கம்’ என்கிறது தொல்காப்பியம். வயா என்பது மசக்கைக்காரியின் வேட்கை. பகைவர் உண்ண முடியாத மண்ணை வயவுற்ற மகளிர் மட்டும் விரும்பி உண்பார்கள் என்று புறநானூறு பாடுகிறது. மண் ருசிக்காகவா தின்னப்படுகிறது? ருசி இல்லாத இடத்திலும் வேட்கை இருக்கும் என்பதை நம் மொழி அப்போதே பிரித்து வைத்திருக்கிறது.

அதனால் ‘கிரேவிங்’குக்கு வேட்கை, அது அலையாக எழும் நேரத்துக்கு வேட்கைப் பெருக்கம் என்று எழுதலாம் என்பது என் கருத்து. ‘ஏக்கம்’ வேண்டாம், அதில் இல்லாததை நினைத்து வாடும் மென்மை இருக்கிறது. ‘வெறி’ கூடவே கூடாது. அது ஆளைக் குற்றவாளி ஆக்கிவிடும். பேச்சில் தாகம் என்றாலே போதும். அந்த வெள்ளித் தாள் நாளில் அவர் மனைவி சொன்னதும் அந்தச் சொல்தான்: “தாகம் வந்திருக்கு, கொஞ்ச நேரத்துல இறங்கும். இப்படி என் பக்கத்துல உக்காருங்க.” அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் இருவரும் மருத்துவரிடம் போய், இந்த வேட்கையைத் தணிக்கக் கொடுக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரை பற்றிக் கேட்டார்கள்.