நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்க உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ எறிந்த பிரிஸ்பி தட்டு அருகில் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். விளையாடிக்கொண்டிருந்த இருவரும் கொஞ்ச நேரம் அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான். ஆனாலும் அவருக்கு மனம் சுருக்கென்றது.

அதையே அவர் கணினி விளையாட்டாக மாற்றினார். திரையில் உங்களையும் சேர்த்து மூன்று பேர் பந்து வீசுவார்கள். சில வீச்சுகளுக்குப் பிறகு உங்களுக்குப் பந்து வராது. அந்தச் சில நிமிடங்களிலேயே மனநிலையும் தன்மதிப்பும் சரிந்தன. 'எதிரில் ஆட்களே இல்லை, வெறும் கணினி' என்று முன்கூட்டியே சொன்னபோதும் வலித்தது. ஒதுக்கியவர்கள் கு க்ளக்ஸ் க்ளான் என்ற இனவெறிக் கூட்டத்தினர் என்று சொல்லப்பட்டபோதும் வலித்தது!

யோசிக்கும் முன்பே அடிக்கும் அலாரம் இது. கூட்டமாக வாழ்ந்த நம் முன்னோருக்கு, ஒதுக்கப்பட்டால் உணவும் இல்லை, காவலும் இல்லை. அதனால் தன்மதிப்பு என்பதே, வண்டியின் பெட்ரோல் முள்ளைப் போல, பிறரிடம் நம் இடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டும் கருவி என்கிறார் உளவியலாளர் மார்க் லியரி. ஆகவே, துவண்டு நிற்பவரிடம் 'இதையெல்லாம் கண்டுக்காதே' என்று சொல்வதில் பயனில்லை. அவர் அதைத் தேர்ந்தெடுத்து உணரவில்லை.

ஆனால் இந்த முள் மிகைப்படுத்திக் காட்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு, கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி ஓர் அறைக்குள் அனுப்பியது. அறையில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிகூட இல்லை. 2000இல் வெளியான ஆய்வு இது.

முதல் சுருக்கைத் தடுக்க முடியாது. அதற்கடுத்த கட்டத்தில்தான் யோசனை வேலை செய்கிறது: இவர்கள் யார், இவர்கள் கருத்து எனக்கு எவ்வளவு முக்கியம்? கூச்ச சுபாவம் மிகுந்தவர்கள் மீள அதிக நேரம் எடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அதைப் பழக்க நியூயார்க் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், ஓடும் ரயிலில் நிலையத்தின் பெயரை உரக்கக் கத்தச் சொல்லித் தம்மிடம் வந்தவர்களை அனுப்பிவந்தார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பயந்தது நடக்கவில்லை என்பதை மூளை அறிவுரையால் நம்பாது. நேரில் பட்டால்தான் நம்பும். சின்னதாகத் தொடங்கினால் போதும். ஆனால் உங்களை உண்மையிலேயே தண்டிக்கக்கூடிய முதலாளியிடமோ, அடிக்கிற குடும்பத்திலோ இந்தச் சோதனை வேண்டாம். அங்கே முள் காட்டுவது சரியான அளவு.

எல்லோருடைய ஒப்புதலையும் விட்டுவிட வேண்டியதும் இல்லை. உடன் நிற்க ஒருவர் இருந்தாலே பெரிய பலம். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், முன்கூட்டியே சொல்லிவைத்தபடி கோடுகளின் நீளத்தைக் கூட்டமே தப்பாகச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்கு முறை மக்கள் அதற்கு ஒத்துப்போனார்கள். சரியான விடை சொல்லும் ஒரே ஒருவர் உடனிருந்தபோது, அது நூற்றுக்கு ஐந்து முறை அளவுக்கு இறங்கிவிட்டது.