காய்ச்சல் இறங்கினால் போதுமா?

"அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, பிரஷரும் சரி. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பும் முன் கேஷுவாலிட்டி டாக்டர் வாட்சைப் பார்த்தபடி ஒரு நிமிடம் சும்மா நின்றார். எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

மூச்சை எண்ணியிருக்கிறார். அவர் தேடியது செப்சிஸை. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய தற்காப்பு கட்டுமீறிப்போய் சொந்த உறுப்புகளையே சிதைக்கும் நிலை அது. பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது. இளவயதுக்காரர்களுக்கு பிரஷர் கடைசி நேரத்தில்தான் சரியும். மூச்சு அவ்வளவு எளிதில் மறையாது.

காரணம் அழகானது. செப்சிஸில் அட்ரினலின் பெருகி, செல்கள் குளுக்கோஸை அவசர அவசரமாக உடைக்கின்றன. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மிச்சமெல்லாம் லாக்டேட்டாகத் தேங்குகிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போதே இது நடக்கும்! ரத்தம் புளிக்கத் தொடங்குகிறது, அதாவது அதில் அமிலம் கூடுகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசியளவு உறுப்பு ஒன்று உண்டு, கரோட்டிட் பாடி. அமிலம் கூடுவதை அது சட்டென உணர்ந்து மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். மூச்சு வேகமெடுக்கும். ரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருள் அமிலத்தோடு சேர்ந்து கார்பன் டைஆக்சைடாக மாற, நுரையீரல் அதை ஊதி வெளியேற்றும். நோயாளிக்கு மூச்சுத்திணறலே தெரியாமல் இருக்கலாம்.

மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், குழம்பிய பேச்சு, மேல் பிரஷர் 100 அல்லது அதற்குக் கீழ்: இம்மூன்றில் இரண்டு இருந்தால் ஆபத்து என்றது 2016-இல் வந்த கியூசோஃபா (qSOFA) என்ற செப்சிஸ் மதிப்பீட்டு முறை. அதை மட்டும் நம்பி செப்சிஸ் நோயாளிகளைத் தேடாதீர்கள் என்று 2021 சர்வதேச வழிகாட்டுதல் திருத்தியது, அது தப்பவிட்டவர்கள் அதிகம்.

2012-இல் நியூயார்க்கில் 12 வயதுச் சிறுவன் ஒருவனை வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு அவன் கிளம்பிய பிறகுதான் வந்தது. சில நாட்களில் செப்சிஸால் இறந்துபோனான். அடுத்த ஆண்டே அம்மாநிலம் செப்சிஸ் விதிமுறைகளைக் கட்டாயமாக்கியது.

நம் கேஸ் ஷீட்டுகளில் மூச்சுக் கட்டத்தில் எல்லோருக்கும் 18 அல்லது 20 இருக்கும். எண்ணாமல் எழுதியது! நர்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒருவர் எத்தனை கட்டில் பார்ப்பார்? கோடிகளில் செயற்கை நுண்ணறிவு அலாரம் வாங்கும் முன் இன்னும் நாலு நர்ஸ்களை நியமிக்கலாம் என்பது என் கட்சி.

அந்த டாக்டர் வந்தவுடன் ஒருமுறையும் கிளம்பும்போது மறுமுறையும் எண்ணியிருப்பார். காய்ச்சல் இறங்கியும் மூச்சு இறங்காவிட்டால் அனுப்பமாட்டார். வீட்டுக்கு வந்தபின் குழப்பம், சிறுநீர் குறைவு, தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம், வேகமான மூச்சு இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே திரும்பப் போங்கள்.