பழைய கணப்புக்குப் புதிய விறகு ஸ்டவ்: வாங்குமுன் அளக்க வேண்டியவை

எரிவாயுக் கட்டணம் ஏறியதிலிருந்து, லண்டனிலும் அதைச் சுற்றியும் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளிலோ 1930களில் எழுந்த இரட்டை வீடுகளிலோ குடியிருக்கும் நம்மவர்கள் பலர், பலகை அடித்து மூடிக்கிடக்கும் பழைய கணப்பைத் திறந்து அதில் விறகு ஸ்டவ் பொருத்த முடியுமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் முடியும். திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் முக்கால் பங்கு புகைபோக்கி வழியே வெளியேறிவிடும்; நல்ல ஸ்டவ்வில் ஏறக்குறைய அதே முக்கால் பங்கு அறைக்குள் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், இவர்களில் பெரும்பாலோர் தள்ளுபடி விலையில் ஸ்டவ்வை வாங்கி வைத்துவிட்டுத்தான் பொருத்துபவரைக் கூப்பிடுகிறார்கள். எந்த ஸ்டவ் என்பதை அறையும் கணப்பும் புகைபோக்கியும்தான் தீர்மானிக்கின்றன. கடைக்குப் போவது கடைசி வேலை.

முதலில் அறை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால், ஓரளவு குளிர்காப்புள்ள அறைக்குத் தேவையான கிலோவாட் தோராயமாகக் கிடைக்கும். நான்கு மீட்டருக்கு மூன்றரை மீட்டர், 2.4 மீட்டர் உயரம் என்ற சாதாரண வரவேற்பறைக்கு இந்தக் கணக்குப்படி இரண்டரை கிலோவாட்டுக்கும் குறைவாகவே வருகிறது. அங்கே எட்டு கிலோவாட் ஸ்டவ்வை வைத்தால், வெக்கை தாளாமல் வீட்டார் காற்றுத் துவாரத்தை மூடி நெருப்பை அமுக்கி வைப்பார்கள். அமுங்கி எரியும் விறகு கண்ணாடியைக் கரியாக்கும், புகைபோக்கியின் உட்சுவரில் தாரைப் படிய வைக்கும். ஒருநாள் அந்தத் தாரே தீப்பற்றும். பெரிதாக வாங்கிக் குறைவாக எரிக்கலாம் என்ற நினைப்பு கார் எஞ்சினுக்குச் சரிப்படலாம், விறகுக்குச் சரிப்படாது. தவிர, இங்கிலாந்துக் கட்டட விதிகளின்படி, ஐந்து கிலோவாட்டைத் தாண்டும் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீட்டர் அளவில் மூடமுடியாத காற்றுத் திறப்பைச் சுவரில் வைக்க வேண்டும். காற்றுப் புகாத புதுப் பாணி வீடென்றால் முதல் கிலோவாட்டிலிருந்தே இந்தக் கணக்கு தொடங்கும்.

அடுத்தது கணப்பு. கண்ணுக்குத் தெரியும் வார்ப்பிரும்புச் சட்டத்தையோ ஓடு பதித்த முகப்பையோ அளந்து பயனில்லை. அதன் பின்னாலுள்ள தீக்கல்லையும் (நெருப்பின் பின்சுவராக வைத்த வெப்பம் தாங்கும் கல்) இடிபாட்டையும் அகற்றினால், கொத்தனார் முதலில் விட்ட செங்கல் திறப்பு தென்படும். பெரும்பாலும் அது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாகவே இருக்கும். அந்தத் திறப்புக்குள் ஸ்டவ்வின் இருபுறமும் மேலேயும் பின்னும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறுவதால், தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இறுக்கமாகச் செருகிய ஸ்டவ் அறையை விட்டுவிட்டுச் செங்கல்லைத்தான் சூடாக்கும். கணப்பின் மேலே பலர் ஆசைப்படும் மர உத்தரத்துக்கும் விதி உண்டு: காப்பில்லாத புகைக்குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் நடுவே குழாய் விட்டத்தின் மும்மடங்கு, அதாவது 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 450 மில்லிமீட்டர் வேண்டும். ஸ்டவ் நிற்கும் அடித்தளக் கல் அதன் முன்னே 225 மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும்.

1930களின் வீடுகளில் நான் முதலில் தேடுவது பேக் பாய்லரை. அந்தக் காலத்தில் கணப்பின் பின்னால் வைத்து வெந்நீர் எடுத்த இந்த இரும்புப் பெட்டியை, பின்னாளில் மத்திய வெப்பமூட்டல் வந்தபோது சிலர் குழாய்களை மட்டும் அடைத்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டார்கள். உள்ளே தங்கிய நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல், புதிதாக நெருப்பு மூட்டியபோது பெட்டி வெடித்து உயிர்கள் போனதுண்டு. தீக்கல்லுக்குப் பின்னால் இரும்போ செப்புக்குழாய் முனையோ தெரிந்தால், அதைக் கழற்றி எடுக்கும்வரை அங்கே ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது.

புகைபோக்கியை முதலில் துப்புரவாளரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, புகை விட்டுச் சோதிக்க வேண்டும். காக்கைக் கூடு அகப்படுவது சாதாரணம். நூறாண்டுச் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து, புகை மேல்மாடிப் படுக்கையறைக்குள் கசிவதுதான் கவலைக்குரியது. அதனால் பழைய புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத எஃகு லைனர், அதாவது புகையைக் கொண்டுசெல்லும் உட்குழாய், இறக்குவதையே நான் பரிந்துரைக்கிறேன். விறகு மட்டும் எரிப்பவர்களுக்கு 316 தர எஃகு போதும். புகையில்லா நிலக்கரியும் எரிக்க நினைப்பவர்கள் 904 தரத்துக்குச் செலவழிக்கட்டும்.

லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. 1952ஆம் ஆண்டுப் புகைமூட்டத்துக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்திலிருந்து தொடரும் ஏற்பாடு இது. இங்கே விறகு எரிக்க டெஃப்ரா (அரசின் சுற்றுச்சூழல் துறை) விலக்குப் பெற்ற, புகை குறைவாக விடும் மாடல்தான் வேண்டும். மீறிப் புகை விட்டால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம். பழைய ஸ்டவ்வை இணையத்தில் மலிவாக வாங்குபவர்கள் கவனிக்காத விஷயம் இது. விலக்குப் பெற்ற மாடல்களில் பலவற்றுக்கு 125 மில்லிமீட்டர் லைனர் போதும் என்பதால், குறுகலான புகைபோக்கி உள்ளவர்களுக்கு அது அனுகூலமும்கூட. விறகின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

பொருத்தும் வேலையை ஹீட்டாஸ் (விறகு, நிலக்கரி ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவுள்ளவரிடம் கொடுத்தால் அவரே சான்றிதழ் தருவார். இல்லையேல் தொடங்குமுன்னே உள்ளூராட்சியின் கட்டடப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். ஸ்டவ்விலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தூரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள், வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைத்தான் கேட்பார்.